பின்வாசல் விளக்கடியில் இரண்டு பெரிய கண்: இது என்ன வண்டு?

கரோலினாக் கயல் | மே 17, இரவு 9:52

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது வட கரோலினாவில், ராலேக்குப் பக்கத்தில். வீட்டுக்குப் பின்னால் ஓக்கும் பைனும் கலந்து ஒரு சின்னக் காடு உண்டு. சற்று முன் பின்வாசல் விளக்கடியில் ஒரு வண்டு உட்கார்ந்திருந்தது. அளந்தே பார்த்தேன், 4 சென்டிமீட்டர். கறுப்பு உடம்பில் கோலமாவு சிந்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கழுத்துப் பக்கம் இரண்டு கண். மையை அப்பி, சுற்றிலும் வெள்ளை வளையம் போட்ட முட்டைக்கண். என்னையே முறைக்கிற மாதிரி இருந்தது. படங்கள் கீழே.

என் மகனுக்கு எட்டு வயது. துடைப்பத்தால் லேசாகத் தட்டினான். மல்லாந்து விழுந்து கால்களையெல்லாம் மடக்கிக்கொண்டது. செத்தே போய்விட்டது என்று நினைத்தோம். குப்பை முறத்தை எடுத்துவந்து குனிந்தேன், "டக்" என்று ஒரு சத்தம். அரைச் சாணுக்கு மேல் எகிறி, நிமிர்ந்து விழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் நடந்து போய்விட்டது. அலறியது மகன் இல்லை, நான்.

இது விஷப்பூச்சியா? கடிக்குமா? எங்களுடையது மரவீடு, அதை அரிக்குமா? சனிக்கிழமை பூச்சிமருந்து அடிக்க ஆள் வருகிறார். பின்னால் உளுத்துப்போய்க் கிடக்கும் ஓக் கட்டைகளையும் சேர்த்து அள்ளிப்போகச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.

மொட்டைமாடி | மே 18, காலை 7:15

படத்தைப் பார்த்ததும் தீப்பெட்டியில் வேல இலை போட்டு வளர்த்த பொன்வண்டு ஞாபகம் வந்துவிட்டது. அதே நீள உடம்பு, அதே வாகு. அதன் அமெரிக்கச் சித்தப்பா மகனாக இருக்குமோ? நிறம் மட்டும்தான் கொஞ்சம் வறுமைப்பட்டிருக்கிறது.

பூச்சிப் பித்தன் | மே 18, காலை 8:40

கயல் அக்கா, முதலில் சனிக்கிழமை ஆளிடம் கட்டைகளைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன்.

இது க்ளிக் வண்டு. எலேட்டரிடே என்ற குடும்பம், உலகம் முழுக்கச் சுமார் 10,000 வகை. உங்கள் வாசலுக்கு வந்தது அதிலேயே பேர்போன ஒன்று: அலாஸ் ஒகுலேட்டஸ். கனடாவின் தென்கிழக்கிலிருந்து ஃபுளோரிடா வரை, மேற்கே டெக்சாஸ் வரை, வட அமெரிக்காவின் கிழக்குப் பாதிதான் இதன் பூமி. இரண்டரை முதல் நாலரை சென்டிமீட்டர் வரை வளரும். வசந்தத்திலும் கோடையிலும் வெளியே வரும், விளக்கொளிக்கு இழுபடும்.

விஷம் இல்லை. கொட்டாது. வளர்ந்த வண்டு கடித்து நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதும் இல்லை. வீட்டு மரத்தையும் தின்னாது. வளர்ந்தபின் இதற்குச் சாப்பாடே பெரிய விஷயமில்லை, பூந்தேனோ மரத்திலிருந்து கசியும் சாறோ கிடைத்தால் போதும்.

அந்தப் பெரிய கண்கள் கண்ணே இல்லை. அது முன்மார்பின் மேல் மூடி, அதில் வரைந்த பொட்டு. நிஜக் கண் அதற்கும் முன்னால், தலையின் இரு ஓரத்தில் மிளகு அளவுகூட இல்லாமல் இருக்கும். உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கி, உணர்கொம்பு கிளம்பும் இடத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளியும் வளையமும் நுண்ணிய செதில்கள். வயதான வண்டுக்கு அவை உராய்ந்து உதிர்ந்து, கண்மை கலைந்த மாதிரி ஆகிவிடும். உங்களுடையதற்கு வளையம் முழுசாக இருக்கிறது. புதுசாக வெளியே வந்தது என்றுதான் சொல்வேன்.

மொட்டைமாடி, பொன்வண்டு வேறு குடும்பம், ப்யூப்ரெஸ்டிடே. உடல்வாகு ஒன்றுபோல் இருப்பதால் வண்டு படிப்பவர்களே ஒரு காலத்தில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஆனால் உறவு என்று பார்த்தால் சித்தப்பா மகன் இல்லை, பங்காளிச் சண்டை. ஒகுலேட்டஸின் புழு, பொன்வண்டுக் குடும்பத்துப் புழுக்களைத் தின்று வளர்கிறது.

சின்னத்தச்சன் | மே 18, காலை 11:05

ஒரு நிமிடம். நான் முப்பது வருடமாக மரவேலை செய்கிறேன், அதில் பத்து வருடம் இங்கே ஒன்டாரியோவில். உளுத்த கட்டையைப் பிளந்தால் உள்ளே இந்த மாதிரிப் புழு இருக்கும். வழவழவென்று, தலை மட்டும் கறுப்பாக. அது இருக்கிற கட்டையெல்லாம் பொத்தலாகத்தான் இருக்கிறது. அது மரத்தை அரிக்காவிட்டால் பொத்தலை யார் போட்டது? தங்கச்சி, வீட்டை ஒட்டி உளுத்த கட்டையை வைக்காதீர்கள். இவர்கள் எல்லாம் படம் பார்த்துப் பேசுகிறார்கள்.

பூச்சிப் பித்தன் | மே 18, பிற்பகல் 1:30

தச்சன் அண்ணா, நீங்கள் பார்த்தது சரி, பழி போட்ட ஆள்தான் தப்பு. எலி வளையில் பாம்பைப் பார்த்துவிட்டு, பாம்புதான் வளை தோண்டியது என்கிற கதை.

பட்ட மரத்துக்குள் முதலில் குடியேறுவது நீளக்கொம்பு வண்டின் புழு, பொன்வண்டு வகையறாவின் தட்டைத்தலைப் புழு. பொத்தல் போடுவது இவைதான். மரத்தைத் தின்று, பின்னால் தூளை அடைத்துக்கொண்டே போகும். அந்தச் சுரங்கத்துக்குள் மோப்பம் பிடித்து வருவதுதான் அலாஸின் புழு. அதற்கு மரம் வேண்டாம், உள்ளே இருக்கும் கொழுத்த புழுதான் வேண்டும். தட்டையான வலுத்த தலை, இடுக்கி மாதிரித் தாடை. நீளமான உடம்பு, அதனால் சுரங்கத்துக்குள் தண்டவாளத்தில் ரயில் போகிற மாதிரிப் போகும்.

தின்கிற விதமும் நம்மைப் போல் இல்லை. எலேட்டரிடே புழுக்கள் பொதுவாக மென்று விழுங்குவதில்லை. பிடித்த இரையின்மேல் செரிமான நீரை உமிழ்ந்து, வெளியிலேயே கூழாக்கி, உறிஞ்சிக் குடிக்கின்றன. வாயருகில் இருக்கும் மயிர்த்தூரிகை கட்டியை வடிகட்டிவிடும். வடிகட்டிய ரசம்தான் உள்ளே போகும்.

இப்படியே இரண்டு மூன்று வருடம், சில சமயம் அதற்கும் மேல். அப்புறம் மரத்தூளுக்குள்ளோ மண்ணிலோ ஓர் அறை செய்துகொண்டு கூட்டுப்புழுவாகும். நாம் படம் எடுக்கிற அந்த முட்டைக்கண் வண்டு ஒரு பருவத்து விருந்தாளி. அதன் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்தக் கட்டைக்குள் இருட்டில் வேட்டையாடியபடி கழிகிறது. கட்டையை அள்ள வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். நீங்கள் தூக்கிப்போடுவது மூன்று வருட வண்டுகளை.

வீட்டை ஒட்டி வைக்கக்கூடாது என்பது மட்டும் தச்சன் அண்ணா சொன்னபடி நியாயம். வண்டுக்காக இல்லை, கறையானுக்காக. கட்டைகளை அப்படியே வேலியோரம் உருட்டிவிடுங்கள், போதும்.

சின்னத்தச்சன் | மே 18, பிற்பகல் 2:10

எலி வளையில் பாம்பு. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் புழு ஒருமுறை என் விரலைக் கவ்வியிருக்கிறது. கடிக்காது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள்.

பூச்சிப் பித்தன் | மே 18, பிற்பகல் 2:14

வண்டு கடிக்காது என்றுதான் சொன்னேன் அண்ணா. புழு கவ்வும். ஒரு டப்பாவில் இரண்டு புழுவைப் போட்டால் மறுநாள் ஒன்றுதான் இருக்கும், அதுவும் குண்டாக இருக்கும்.

சொல்வேட்டை | மே 18, மாலை 6:20

பெயரைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே. நானும் டொரோண்டோப் பக்கம்தான், வண்டு தெரியாது, சொல் கொஞ்சம் தெரியும்.

1758-இல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் இயற்கையியலாளர் இதற்கு எலேட்டர் ஒகுலேட்டஸ் என்று பெயர் வைத்தார். எலேட்டர் என்றால் கிரேக்கத்தில் விரட்டுபவன், செலுத்துபவன். ஒகுலேட்டஸ் லத்தீன், கண்ணுடையது. இதுவரை ஒழுங்கு. பிறகு 1829-இல் எஷ்ஷோல்ட்ஸ் என்பவர் இவற்றைத் தனிப் பேரினமாகப் பிரித்து அலாஸ் என்று வைத்தார். கிரேக்கத்தில் அலாஓஸ் என்றால் குருடு! ஆக முழுப்பெயரைத் தமிழில் சொன்னால் "கண்ணுடைய குருடு". கண்ணிருந்தும் குருடன் என்று நாம் திட்டுவதை ஒரு வண்டுக்கு அரசாங்கப் பெயராகவே வைத்துவிட்டார்கள்.

விளையாட்டு இதோடு முடியவில்லை. இதே பேரினத்தில் மற்ற அமெரிக்க வண்டுகளின் பெயர்களைப் பாருங்கள். மயோப்ஸ், அதாவது கிட்டப்பார்வைக்காரன். தென்மேற்கில் லுசியோசஸ், மங்கல் பார்வைக்காரன். மேற்குக் கரையில் மெலனாப்ஸ், கருங்கண்ணன். ஒரு கண் ஆஸ்பத்திரியின் வரிசையில் நிற்பவர்கள் மாதிரி இருக்கிறது.

எஷ்ஷோல்ட்ஸ் ஒரு மருத்துவர். ரூரிக் என்ற ரஷ்யக் கப்பலில் உலகம் சுற்றியவர். கலிஃபோர்னியாவின் அந்த ஆரஞ்சு நிறப் பாப்பிப் பூவுக்கு எஷ்ஷோல்ட்ஸியா என்று இவர் பெயரைத்தான் வைத்தார்கள். கூடவே பயணம் செய்த கவிஞர் ஷமீஸோ வைத்த பெயர். பூவுக்கு நண்பர் பெயர், வண்டுக்குக் குருடு.

தமிழில் என்ன சொல்லலாம்? "க்ளிக் வண்டு" எனக்குப் பிடிக்கவில்லை. சொடக்கு வண்டு என்று எழுதினால் என்ன?

இயற்பியல் வாத்தியார் | மே 18, இரவு 10:45

சொடக்கு வண்டு! இதைவிடச் சரியான பெயர் கிடைக்காது. ஓசைக்காக மட்டும் சொல்லவில்லை. வேலை செய்கிற விதமே சொடக்குத்தான்.

இப்போதே ஒரு சொடக்குப் போட்டுப் பாருங்கள். நடுவிரலைக் கட்டைவிரலில் அழுத்துகிறீர்கள். விரல் நகர நினைக்கிறது, உராய்வு விடமாட்டேன் என்கிறது. அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் வழுக்கி விடுபட்டு உள்ளங்கையில் போய் அறைகிறது. சத்தம் அப்போதுதான்.

வண்டை மல்லாத்திப் போட்டு மார்பைப் பாருங்கள். முன்மார்பிலிருந்து பின்பக்கமாக ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு எதிரே நடுமார்பில் ஒரு பள்ளம். இரண்டு துண்டுக்கும் நடுவில் கீல் மாதிரி ஓர் இணைப்பு. மல்லாந்து கிடக்கும் வண்டு முதுகை வில்லாக வளைக்கும். அப்போது முளை பள்ளத்திலிருந்து வெளியே வந்து அதன் உதட்டில் நின்றுகொள்ளும். இதுதான் தாழ்ப்பாள். இனி உள்ளே இருக்கும் பெரிய தசை மெதுவாக இழுக்கத் தொடங்கும். முளை நகராது. இழுக்கிற வலுவெல்லாம் அந்த இணைப்பைச் சுற்றியுள்ள மேல்ஓடு வளைவதில் போய்ச் சேரும். உண்டிவில் ரப்பரை இழுத்துப் பிடித்திருப்பதுபோல. பிறகு முளை வழுக்கும். "டக்". உடம்பு எதிர்ப்பக்கம் மடங்கும், நடுப்பகுதி தரையை உதைக்கும், வண்டு மேலே.

இதில் கால்களுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். கயல் சொன்னாரே, காலை மடக்கிக்கொண்டது என்று. வெட்டுக்கிளிக்குக் கால் வேண்டும், தெள்ளுப்பூச்சிக்குக் கால் வேண்டும். இதற்கு வேண்டாம்.

1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் எவன்ஸ் என்பவர் இதன் சொந்தக்கார வண்டு ஒன்றை, ஆத்தஸ் என்ற சின்ன வகை, அதிவேகப் படம் எடுத்துக் கணக்குப் போட்டார். 30 சென்டிமீட்டர் வரை குதித்தது. முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 380 மடங்கு. போர் விமானி 9 மடங்குக்கே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வண்டுக்கு எப்படித் தாங்குகிறது என்றால், அது நீடிக்கும் நேரம் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு, உடம்பும் இலேசு. உங்கள் ஒகுலேட்டஸ் குண்டு ஆள், அதனால் அதே கணக்கை அப்படியே இதற்குப் பொருத்திவிடக் கூடாது.

உள்ளே நடப்பதைப் பார்க்க 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலினாய் பல்கலைக்கழகக்காரர்கள் சிகாகோ பக்கத்தில் இருக்கும் ஆர்கான் ஆய்வகத்துக்கு வண்டைக் கொண்டுபோய், அங்கே இருக்கும் வலுவான எக்ஸ்ரே கற்றையில் வைத்து அதிவேகப் படம் பிடித்தார்கள். தாழ்ப்பாள் விழுவது, மெல்ல ஏற்றுவது, விடுவிப்பது என்று மூன்று கட்டத்தையும் உயிருள்ள வண்டின் உடம்புக்குள்ளேயே பார்த்திருக்கிறார்கள். விழுந்தால் தானே புரண்டு எழும் குட்டி ரோபோ செய்ய இது உதவும் என்பது அவர்கள் நினைப்பு.

பள்ளியில் மீள்திறன் ஆற்றல் பாடம் எடுக்கும்போது இருபது வருடமாக உண்டிவில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாளையிலிருந்து வண்டு.

மொட்டைமாடி | மே 19, காலை 6:50

வாத்தியாரே, குதித்தால் நிமிர்ந்துதான் விழுமா? பூனை மாதிரி?

இயற்பியல் வாத்தியார் | மே 19, காலை 7:30

இல்லை. அதுதான் இதில் அழகு. 2011-இல் இஸ்ரேலில் இதை அளந்தார்கள். வண்டு கிளம்பும் கோணம் கிட்டத்தட்ட செங்குத்து, 80 பாகைப் பக்கம். அதை மாற்றிக்கொள்ள அதன் உடலமைப்பு விடுவதில்லை. எங்கே போகிறோம் என்று குறிவைக்க முடியாது. மேலே போய்க் குட்டிக்கரணம் அடிக்கும். காலில் விழுவதும் முதுகில் விழுவதும் காசு சுண்டுகிற மாதிரி. தப்பாக விழுந்தால் இன்னொருமுறை சொடக்கு. அதே குழு அடுத்த வருடம் இலைமேல் வைத்துப் பார்த்தபோது குதிக்கும் உயரம் வெகுவாகக் குறைந்தது. உதைக்கிற வலுவை இலை வாங்கிக்கொள்கிறது.

கரோலினாக் கயல் | மே 20, இரவு 8:30

முதலில் செய்தி: மருந்து அடிக்கிறவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கட்டைகளை நானும் கணவரும் வேலியோரம் உருட்டினோம். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அது தனிக் கதை.

வண்டு நேற்றும் வந்தது. அதே வண்டா என்று எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், வலது இறக்கைமூடி ஓரத்தில் ஒரு சின்ன நசுக்கு இருக்கிறது. மகன் வாத்தியார் சொன்னதைச் சோதித்தே தீருவேன் என்றான். சிமெண்டுத் தரையில் மல்லாத்தினோம். ஓக் இலைச் சருகுமேல் மல்லாத்தினோம். என் பழைய துண்டுமேல் மல்லாத்தினோம். சிமெண்டில் "டக்" என்று கணீரென்று, நல்ல உயரம். சருகில் "பொத்" என்று ஒரு சத்தம், இரண்டு விரற்கடை எழும்பி அப்படியே சாய்ந்தது. துண்டுமேல் அது குதிக்கவே முயலவில்லை. நூலைக் காலால் பற்றித் தானே புரண்டுவிட்டது. அதுதான் சுலபம் என்றால் எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்?

இன்னொன்றும் பார்த்தேன். குதிப்பதற்கு முன் ஒரு கணம் இருக்கிறது. முதுகு மெல்ல வளைந்து, தலையும் வாலும் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டு, நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிகிறது. அப்படியே நிற்கிறது. தும்மல் வருமா வராதா என்று நாம் மூக்கைச் சுளித்துக்கொண்டு நிற்போமே, அந்த மாதிரி. பிறகுதான் சத்தம். மகன் எண்ணத் தொடங்கினான், ஆனால் ஒருமுறைபோல் மறுமுறை இல்லை.

கையில் எடுத்து இரண்டு விரலால் லேசாகப் பிடித்தால் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டே "டக் டக்" என்கிறது. விரலில் அந்த அதிர்வு நன்றாகத் தெரிகிறது. முதல்முறை சட்டென்று விட்டுவிட்டேன்.

பூச்சிப் பித்தன் | மே 20, இரவு 9:05

அதற்கே அதன் பலன் கிடைத்துவிட்டது பாருங்கள், நீங்கள் விட்டுவிட்டீர்கள். பறவையின் அலகிலோ அணிலின் கையிலோ இருந்தாலும் இதே உதறல்தான். புரண்டு எழுவதற்காக மட்டும் இந்த இயந்திரம் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் துண்டுச் சோதனையே அதற்குச் சாட்சி. காலுக்குப் பிடிமானம் கிடைத்தால் புரள்வது சுலபம். பிடியிலிருந்து உதறி விடுபடுவதுதான் முதல் பயன், குதிப்பு கொசுறு. இது என் கருத்து, வாத்தியார் சண்டைக்கு வரலாம்.

போதும், இனிமேல் மல்லாத்தாதீர்கள். பத்துக் குதிப்புக்கு மேல் அதற்கும் களைப்பு.

சொல்வேட்டை | மே 21, காலை 9:15

எனக்கு இன்னும் விளங்காத ஒன்று, கண். பாம்புக்கண் மாதிரி ஏமாற்றவா? இவ்வளவு சின்ன உருவத்தைப் பார்த்து எந்தப் பறவை பாம்பு என்று நம்பும்?

பூச்சிப் பித்தன் | மே 21, முற்பகல் 11:40

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இதில் இரண்டு கட்சி.

ஒரு கட்சி சொல்வது: கண் மாதிரி இருப்பதால் இல்லை, பளிச்சென்று இருப்பதால்தான் பறவை தயங்குகிறது. 2008-இல் இங்கிலாந்தில் ஸ்டீவன்ஸ் குழு காகிதத்தில் அந்துப்பூச்சி வெட்டி, அதில் மாவுப்புழுவை வைத்து, காட்டில் மரத்தில் குத்திவைத்தார்கள். சிலதில் வட்டம், சிலதில் சதுரம், சிலதில் பட்டை. பளிச்சென்று தெரிந்ததுதான் அதிகம் பிழைத்தது. வட்டத்துக்கென்று தனிச் சலுகை இல்லை.

மறு கட்சி: 2015-இல் பின்லாந்தில் சிட்டுக்குருவி மாதிரியான ஒரு பறவைக்கு, கிரேட் டிட் என்பார்கள், அதற்குக் கணினித் திரையில் ஆந்தை வண்ணத்துப்பூச்சியின் படம் காட்டினார்கள். நிஜ ஆந்தை முகத்தின் படமும் காட்டினார்கள். பூச்சியின் கண்பொட்டுக்கும் ஆந்தைக்கும் பறவை ஒரே மாதிரி மிரண்டது. அதே பளிச், ஆனால் கண் மாதிரி இல்லாத பொட்டுக்கு அவ்வளவு மிரளவில்லை.

இரண்டும் நம் வண்டை வைத்துச் செய்ததில்லை. அதனால் ஒகுலேட்டஸின் கண் எந்தக் கட்சி என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். பட்டையின்மேல் உட்கார்ந்தால் பத்தடித் தூரத்தில் இது தெரிவதே இல்லை. பாசிக்கறையும் பறவை எச்சமும்தான். கிட்டப் போனால்தான் கண் திறக்கிறது.

சொல்வேட்டை | மே 21, பகல் 12:20

தூரத்தில் எச்சம், கிட்டத்தில் பூதம். கயல் அலறினாரே, அதுவும் ஒரு சோதனைதான். நான் இரண்டாம் கட்சி.

இயற்பியல் வாத்தியார் | மே 21, இரவு 9:00

ஒரே ஒரு கயலை வைத்து முடிவுக்கு வரக்கூடாது ஐயா. நான் முதல் கட்சி.

மொட்டைமாடி | மே 22, காலை 6:30

கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தேன். வேளாண்மை ஆபீஸ் கூட்டத்தில் கம்பிப்புழு என்று ஒன்று சொல்வார்கள். உருளைக்கிழங்கைத் துளைக்கும், மக்காச்சோளத்தின் விதையைத் தின்றுவிடும், மஞ்சளாகக் கம்பி மாதிரி விறைப்பாக இருக்கும். அதுவும் க்ளிக் வண்டின் புழு என்றுதான் சொன்னார்கள். அப்படியானால் நீங்கள் இவ்வளவு நேரமாகப் புகழ்ந்துகொண்டிருப்பது என் எதிரியையா?

பூச்சிப் பித்தன் | மே 22, காலை 8:10

குடும்பம் ஒன்று, தொழில் வேறு. அக்ரியோட்டஸ் போன்ற வகைகளின் புழு மண்ணில் இருந்து வேரையும் கிழங்கையும் தின்னும். அதுதான் உங்கள் கம்பிப்புழு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் பழைய புல்வெளிகளை உழுது பயிர் வைத்தபோது அவை படுத்திய பாடு பெரிது. புல்வேர் தின்று நிம்மதியாக இருந்த கூட்டத்துக்குத் திடீரென்று கிழங்கு கிடைத்தால் சும்மா இருக்குமா. அலாஸ் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவன் திருடன், ஒருவன் போலீஸ்.

சின்னத்தச்சன் | மே 22, காலை 8:55

திருடனையும் போலீசையும் எனக்கு ஒரே சட்டையில்தான் தெரிகிறது. புழுவைப் பார்த்து எப்படிப் பிரிப்பது?

பூச்சிப் பித்தன் | மே 22, காலை 9:30

தோட்டமண்ணில் மெல்லிசாக, உருண்டையாக, முழுக்க ஒரே மஞ்சள்பழுப்பில் இருந்தால் பெரும்பாலும் கம்பிப்புழு. உளுத்த மரத்துக்குள், இரண்டு அங்குலம் வரை நீண்டு, முன்பக்கமும் வால் துண்டும் மட்டும் கருத்து, வால் நுனி கவைபோல் பிளந்திருந்தால் அலாஸ்.

கரோலினாக் கயல் | ஜூன் 14, மாலை 5:40

பள்ளி விடுமுறை விட்டாயிற்று, அதனால் திரும்ப வந்துவிட்டேன்.

நேற்று மழைக்குப் பிறகு வேலியோரக் கட்டை ஒன்று தானாகவே பிளந்து கிடந்தது. மரம் ஈரரொட்டி மாதிரி ஆகிவிட்டது, நகத்தால் கிள்ளினாலே வருகிறது. உள்ளே விரல் போகிற அளவுக்கு ஒரு சுரங்கம், அதில் தூள் திணித்திருந்தது. தூளை நோண்டினால் ஒரு வெள்ளைப் புழுவின் தோல் மட்டும், காற்றுப் போன பலூன் மாதிரி. அதற்குப் பின்னால், பித்தன் சொன்ன அதே ஆள். வெண்ணெய்க் காப்பி நிறம். தலை தட்டையாக, நல்ல கறுப்பு. வாலில் அந்தக் கவை. வெளிச்சம் பட்டதும் பின்னோக்கியே போகத் தொடங்கியது. முன்னால் போகிற வேகத்திலேயே பின்னாலும் போகிறது!

மகன் ஐஸ்குச்சியை நீட்டினான். கவ்வி இழுத்தது. குச்சியில் இரண்டு பல்தடம் இருக்கிறது, அதை அலமாரியில் வைத்திருக்கிறான். பிளந்த கட்டையை மேலே பொருத்தி, சருகு போட்டு மூடிவிட்டோம்.

சின்னத்தச்சன் | ஜூன் 14, இரவு 7:15

காற்றுப் போன பலூனைப் படம் எடுத்தீர்களா? அதுதான் என் பொத்தல்காரன். முப்பது வருடமாகப் போலீசைப் பிடித்து அடுப்பில் போட்டிருக்கிறேன்.

பூச்சிப் பித்தன் | ஜூன் 14, இரவு 8:20

அபாரம். அலாஸ் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒகுலேட்டஸா மயோப்ஸா என்று புழுவைப் படத்தில் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் போதாது. உங்கள் பக்கம் இரண்டும் உண்டு. கட்டை ஓக் என்பதால் ஒகுலேட்டஸ் பக்கம் சாய்கிறேன். மயோப்ஸ் பைன் மரத்து ஆள். பட்ட பைன் பட்டைக்கு அடியில்தான் அதற்கு வேட்டை. வண்டாக வந்தால் பிரிப்பது சுலபம். மயோப்ஸுக்குக் கண்பொட்டு சிறிசு, ஒடுக்கம். வளையம் இருந்தும் இல்லாத மாதிரி மெல்லிசு. உடம்பும் கறுப்பு-வெள்ளையாகத் தெளியாமல் சாம்பல் பழுப்பில் கலங்கியிருக்கும்.

கரோலினாக் கயல் | ஏப்ரல் 26, காலை 7:50

ஒரு வருடம் ஆகப்போகிறது, இந்த இழை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

சென்ற குளிர்காலப் புயலில் ஒரு பைன் முறிந்தது. வெட்டி எடுத்தவர்கள் அடிக்கட்டையையும் தோண்டட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னது என் மகன், நான் இல்லை. இன்று காலை அந்த அடிக்கட்டையின் பட்டைமேல் ஒரு வண்டு. முதலில் பட்டை என்றே நினைத்தேன். கண் இருக்கிறது, ஆனால் தூங்கி எழுந்த கண், சின்னதாக. வெள்ளை வளையம் சரியாகத் தெரியவில்லை. பித்தன், இது உங்கள் கிட்டப்பார்வைக்காரனா? படம் கீழே.

பூச்சிப் பித்தன் | ஏப்ரல் 26, காலை 8:02

படம் ஆடியிருக்கிறது அக்கா. மயோப்ஸ் மாதிரித்தான் தெரிகிறது. மேலிருந்து நேராக இன்னொரு படம் எடுங்கள். அவசரப்படாமல், நிழல் விழாமல்.

கரோலினாக் கயல் | ஏப்ரல் 26, காலை 8:09

குனிந்தேன். டக். சருகுக்குள் போய்விட்டது. மகன் டார்ச்சோடு தேடிக்கொண்டிருக்கிறான், பள்ளிப் பேருந்து வாசலில் நிற்கிறது.